படகில் ஊத்து: பாம்பனிலிருந்து மணப்பாடு வரை

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். மே மாதத்தில் தெற்குக் காற்று எழும்பிவிடும். ஆண்கடல் நுரைத்துக்கொண்டு நிற்க, பெண்கடல் ஆழமில்லாமல் பச்சையாக விரிந்து கிடக்கும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம். எல்லாரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். நான் பார்க்க வந்தது கீழே, மணலில் சாய்ந்து கிடந்த படகுகளை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆனாலும் பலர் வள்ளத்தைக் கரையேற்றுவது இந்த நாட்களில்தான். வெயில் காய்கிறது, மரம் உலர்கிறது, ஆசாரிகளும் ஊரில் இருக்கிறார்கள். கடற்கரை முழுக்க உளிச் சத்தமும் குங்கிலிய வாசமும். ஒரு சிறு படகுக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, அந்த வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி அடைக்கிறார்கள் என்பதைப் பார்க்க இங்கே தொடங்கித் தெற்கே மணப்பாடு வரை கடற்கரையோரமாகவே போவது என்று கிளம்பியிருந்தேன்.

பாம்பனின் வடகரையில் ஒரு வள்ளம். பின்பக்கம் சிறிய டீசல் எஞ்சின். உரிமையாளர் நாற்பது வயதுக்காரர், கொஞ்சம் சோர்ந்திருந்தார். எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறதாம். எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில்தான் ஊத்து, அதாவது கசிவு, என்று நினைத்து, போன ஆண்டே அங்கே எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருக்கிறார். தண்ணீர் நிற்கவில்லை.

ஆசாரி வயதானவர். படகைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார்.

“காலையில எத்தனை வாளி இறைப்ப?”

“மூணு, நாலு வாளிண்ணே.”

“கட்டிப் போட்டிருக்கும்போதா, தொழிலுக்குப் போயிட்டு வந்த பிறகா?”

உரிமையாளர் யோசித்தார். கட்டிப் போட்ட படகில் அவ்வளவு இல்லை என்றார். தெற்கே போய், அலையில் அடித்துக்கொண்டு திரும்பிய நாட்களில்தான் அதிகம்.

“அப்ப தண்டு இல்ல தம்பி. தண்டுல ஊத்து இருந்தா, சும்மா நிக்கும்போதும் வரும்.”

அந்தப் பத்து நிமிடப் பேச்சில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் எப்போது வருகிறது என்று தெரிந்தால் எங்கே வருகிறது என்பது தானாக நெருங்கி வரும். படகு நிற்கும்போதும் ஒரே அளவில் வந்தால், ஓட்டை எப்போதும் நீருக்கு அடியில் இருக்கிறது. பாரம் ஏற்றிய பிறகு மட்டும் வந்தால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஏதோ ஒரு பலகைப் பொருத்து திறந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாயைப் பார்க்க வேண்டும். பாய் விரித்து ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மட்டும் வந்தால், அந்தப் பக்கத்து மேல்பலகைதான். மழைக்குப் பிறகு வந்தால் கடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஆசாரி அடுத்துச் செய்தது இன்னும் அழகு. ஏரா என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டை. அதன் மேல் குறுக்கே வங்குக் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வங்குக்கு அடியிலும் தண்ணீர் ஓடுவதற்குச் சிறு காடி விட்டிருப்பார்கள். முன்னால் நுழைந்த தண்ணீர் அந்தக் காடிகள் வழியே ஒன்றின் பின் ஒன்றாகக் கடந்து, படகு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். எஞ்சின் கனத்தால் பின்பக்கம்தான் தாழ்வு. ஆகவே ஓட்டை எங்கே இருந்தாலும் தண்ணீர் தெரிவது எஞ்சினுக்கு அடியில்தான். ஆசாரி களிமண் பிசைந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் காடிகளை அடைத்தார். படகின் அடிப்பகுதி தனித்தனி அறைகளாகிவிட்டது. பிறகு அணியம் எனப்படும் முன்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அறையிலும் நல்ல தண்ணீரைச் சாண் உயரத்துக்கு ஊற்றச் சொன்னார்.

வெளியிலிருந்து உள்ளே வரும் வழிதான் உள்ளிருந்து வெளியே போகும் வழியும். கடலில் படகின் வெளிப்புறத்தைப் பார்க்க முடியாது. கரையில் உள்ளே தண்ணீரை விட்டு வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மிதக்கும்போது கடல் வெளியே இருந்து தாங்கிக்கொள்ளும். மணலில் தாங்க ஆளில்லை. வாய்வரை நிரப்பினால் பலகைகள் பிரிந்துவிடும். சாண் உயரமே போதும்.

இரண்டாவது, மூன்றாவது அறைகளில் ஒன்றுமில்லை. அணியத்தின் இடதுபுறம், நங்கூரக் கயிறு உரசும் இடத்துக்குக் கீழே, ஓர் ஆணித்தலையைச் சுற்றிப் பலகை கறுத்தது. சிறிது நேரத்தில் ஈரம் முத்தாகத் திரண்டு வழிந்தது. அந்த ஆணியிலிருந்து கீழ்நோக்கி ஒரு துருக்கோடு ஏற்கெனவே இருந்திருக்கிறது. பெயின்ட் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. படகு நிற்கும்போது அந்த இடம் நீருக்கு மேலே இருக்கும். அலையில் அணியம் குத்தி இறங்கும்போதெல்லாம் நீருக்குள் போகும். போன ஆண்டு செலவழித்த பணம் முழுவதும் படகின் இன்னொரு முனையில் போயிருக்கிறது.

ஆணியைப் பிடுங்கியபோது அதன் நடுப்பகுதி பென்சில் கூர் அளவுக்கு அரித்துப்போயிருந்தது. துரு ஊறிய மரத்தை ஆசாரி உளியால் சுரண்டி எடுத்தார். நல்ல மரம் தெரியும் வரை விடவில்லை. அந்தக் குழிக்குள் ஒரு மரமுளையை அடித்து இறுக்கி, பக்கத்தில் துத்தநாகம் பூசிய புதிய ஆணியை இறக்கினார். தேடுவதற்கு அரை நாள் ஆனது. அடைப்பதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம். இந்தப் பயணம் முழுவதும் நான் பார்த்த கணக்கு இதுவேதான். அடைக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தேடத் தெரிந்தவர்கள் குறைவு, அவர்களுக்குத் தேடுவதற்குக் கூலி கேட்கவும் தெரிவதில்லை.

அதே கரையில் இன்னொரு பழைய வள்ளம் கிடந்தது. ஆசாரி அதைக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போனார். சில பலகைகள் கணீரென்றன, ஒன்று பொத்தென்றது. அந்த இடத்தை உளியால் பிளந்து காட்டினார். வெளியே ஊசி முனை அளவு துளைகள். உள்ளே விரல் நுழையும் சுரங்கங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல. கப்பற்புழுவின் வேலை. புழு என்று சொன்னாலும் அது சிப்பி இனத்து உயிர். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மரத்தில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரநரம்பின் போக்கில் குடைந்துகொண்டு போகும். பெயின்ட் உரிந்த ஓர் அங்குலம் போதும் அதற்கு. பலகை வெளியே முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்கு அடைப்பு கிடையாது. பலகையை மாற்றத்தான் வேண்டும். படகைக் கரையேற்றி நன்றாகக் காயவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் செத்துவிடும். அடிக்கடி கரையேற்றுவதன் பயன்களில் இது பெரியது.

மண்டபத்துக்கு வந்தேன். தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். ஒரு படகின் எஞ்சின் அறையில் சேர்ந்த தண்ணீரை மெக்கானிக் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. “கடல் தண்ணி இல்லண்ணே, ஐஸ் தண்ணி” என்றார். கடைசியாகத் தொழிலுக்குப் போய் வந்தபோது மீன் அறையில் உருகிய பனிக்கட்டி, தளப்பலகையின் விரிசல் வழியே எஞ்சின் அறைக்கு இறங்கித் தேங்கியிருக்கிறது. நாக்கை விடச் சிறந்த கருவி இந்த வேலையில் இல்லை. எண்ணெய் மிதக்கும் தண்ணீராக இருந்தால் மட்டும் வேண்டாம்.

தண்டு வெளியேறும் குழாயையும் அங்கேதான் விளக்கமாகப் பார்த்தேன். சுழலும் தண்டைச் சுற்றிக் கிரீஸ் ஊறிய கயிற்றை வளையம் வளையமாக வைத்து, மேலே ஒரு மூடியைப் போட்டு நட்டால் இறுக்குகிறார்கள். கிளாண்ட் என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது இதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டும் நிற்கட்டும் என்று இறுக்கினால் தண்டு சூடேறித் தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காத ஊத்தாகிவிடும். ஓடும்போது சில சொட்டு, நின்றால் ஒன்றுமில்லை. இதுதான் சரி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல்தான் சேரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, 2.5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் உள்ளே வரும். நான்கு வாளி. ஒரு நிமிடத்தில் நான்கு வாளி இறைக்க முடியும், பத்து நிமிடமும் முடியும். ஒரு மணி நேரம் எந்த மனிதனாலும் முடியாது. ஓட்டையின் விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நான்கு மடங்கு. உள்ளே சேரும் தண்ணீரும் சும்மா கிடப்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய்ச் சாய்வைக் கூட்டும். படகு தாழத் தாழ, அதுவரை நீருக்கு மேலே இருந்த பழைய பொருத்துகளும் ஆணித்துளைகளும் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கும். சிறு படகுகள் கவிழ்வதில் இந்த வரிசை முக்கியமானது. அதனால்தான் நடுக்கடலில் ஓட்டை தெரிந்தால் இறைப்பதோடு நிற்காமல், ஆட்களையும் வலையையும் மறுபக்கம் மாற்றிப் படகைச் சாய்த்து, முடிந்தால் ஓட்டையை நீருக்கு மேலே தூக்க வேண்டும் என்கிறார்கள்.

வெளியிலிருந்து அடைப்பதும் பழைய உத்தி. 1770 ஜூனில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டில் மோதி அடி கிழிந்தபோது, நார்ப்பஞ்சும் கம்பளியும் பதித்த ஒரு பாயைக் கப்பலின் அடியில் இழுத்துச் செருகினார்கள். நீரின் அழுத்தமே பாயை ஓட்டைக்குள் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. பிறகு ஓர் ஆற்று முகத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, கிழித்த பவளப் பாறையின் ஒரு துண்டு ஓட்டையிலேயே சிக்கி அதைப் பாதி அடைத்திருந்ததாம். எதையாவது பிடுங்குவதற்கு முன்னால் அது எதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை மண்டபத்திலும் சொன்னார்கள். குக்கைப் பற்றி அவர்கள் அறிந்து சொன்னதில்லை, அனுபவத்தில் சொன்னது.

கீழக்கரை, ஏர்வாடி, வேம்பார் எல்லாம் பேருந்து ஜன்னலில் கடந்துபோயின. பனைகளும் உப்பளங்களுமாக நீண்ட பாதை. தூத்துக்குடியில் பழைய துறைமுகப் பக்கம் இறங்கினேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் இங்கே இன்னும் இருக்கின்றன. அவை சிறு படகுகள் அல்ல. ஆனால் கலப்பத்து வேலையை முறையாகப் பார்க்க வேண்டும் என்றால் தோணி கட்டும் ஓடாவிகளிடம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு பலகைகள் சேரும் இடுக்கில் பஞ்சைத் திரித்து அடைப்பதுதான் கலப்பத்து. கேட்க எளிது. முதலில் பழைய பஞ்சை முழுவதும் கொக்கியால் இழுத்து எடுக்கிறார்கள். அழுகிய பஞ்சின் மேல் புதுப்பஞ்சு அடித்தால் நிற்காது. பிறகு பருத்திப் பஞ்சைக் கயிறாகத் திரித்து, மடிப்பு மடிப்பாக இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்கிறார்கள். ஓடாவியின் காதுதான் அளவுகோல். பஞ்சு நிறைய நிறைய அடிச் சத்தம் மாறுகிறது. மந்தமாக இருந்த சத்தம் கட்டையில் அடித்ததுபோல ஆனதும் நிறுத்திவிடுகிறார். அதற்கு மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய பசையைத் தேய்க்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாரக்கணக்கில் வெயிலில் கிடந்த பலகை சுருங்கி இடுக்கு அகன்றிருக்கும். அந்த அகலத்தை நம்பிப் பஞ்சைத் திணித்துவிட்டால், கடலில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்து, இடமில்லாமல் ஆணிகளையே நெம்பிவிடும். கொஞ்சம் இடம் விட்டே அடிக்க வேண்டும். அதனால் புதிதாகக் கடலில் இறக்கிய மரப்படகில் முதல் ஓரிரு நாள் தண்ணீர் வரத்தான் செய்யும். மரம் ஊறியதும் தானே நின்றுவிடும். அந்த முதல் நாள் தண்ணீரைப் பார்த்துப் பதறி, மறுபடி கரையேற்றி, மறுபடி பஞ்சு அடிப்பவர்கள் நல்ல படகைக் கெடுக்கிறார்கள்.

“ரெண்டு நாள் ஆளைப் போட்டு இறைங்க அய்யா. மூணாம் நாளும் வந்தா என்னைக் கூப்பிடுங்க” என்று ஓடாவி ஒருவர் கைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஏராவை ஒட்டிய முதல் பலகையில் என்றார். படகு முறுகும்போது அதிகம் அசையும் பொருத்து அது. எட்டிப் பார்க்கவும் கஷ்டமான இடம். ஆகவே அதைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்க்கிறார்கள், அவர் முதலில் பார்க்கிறார்.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டிய மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். 1540-இல் பாய்மரம் முறிந்து இங்கே ஒதுங்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், அந்த மரத்திலேயே சிலுவை செய்து நட்டார் என்பது ஊரின் மரபு. குன்றிலிருந்து கீழே பார்த்தால் மணலில் வரிசையாக ஃபைபர் படகுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க இந்தப் படகுகள் பெருகின. இலேசானவை, வேகமானவை. கப்பற்புழு தொடாது, பஞ்சு வேண்டாம். அவை வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஃபைபரிலும் ஊத்து உண்டு. அலையில் வந்து மணலில் ஏறும்போது அடி உரசிக் கண்ணாடி இழை வெளியே தெரியும். வெளி எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். ஆணித்துளை வழியே நீர் இறங்கி அது உள்ளுக்குள் அழுகும். விரிசலை அடைப்பதில் பலர் செய்வது, உள்பக்கமாக ஒரு துண்டு இழையை ரெசினில் நனைத்து ஒட்டுவது. கடல் வெளியே இருந்து தள்ளும்போது அந்தத் துண்டு உரிந்து வந்துவிடும். முறையாகச் செய்கிற ஓர் இளைஞரை இங்கே பார்த்தேன். விரிசலை வெளியிலிருந்து கிரைண்டரால் அகலமாகச் சரித்து எடுத்தார். தகடு ஒரு பங்கு தடிமன் என்றால் பன்னிரண்டு பங்கு அகலத்துக்குச் சரிவு. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுவதும் காயவிட்ட பிறகுதான் இழையை அடுக்கினார். ஈரத்தில் ரெசின் ஒட்டாது. உப்பு இருந்தால் ஈரம் திரும்பத் திரும்ப வரும்.

ஊத்து தேடுவதற்கு அவர் வைத்திருந்த உத்தியும் சிறப்பு. மூடிய அறைக்குள் ஒரு குழாய் வழியே மெதுவாகக் காற்றை ஊதவிட்டு, வெளியே முழுவதும் சோப்பு நீரைத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை விரிசலில் குமிழி கிளம்பியது. சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். பாம்பன் ஆசாரி தண்ணீரைக் கொண்டு கேட்டதை இவர் காற்றைக் கொண்டு கேட்கிறார்.

ஒரு படகில் மட்டும் அவர் கையை விரித்துவிட்டார். மேல்தளத்துக்கும் அடிக்கும் நடுவே முழுவதும் அடைத்து, உள்ளே நுரையை நிரப்பிக் கட்டிய படகு. கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று வைத்த நுரை. நல்ல நோக்கம். ஆனால் ஏதோ ஒரு விரிசல் வழியே நீர் இறங்கி நுரை ஊறிவிட்டது. ஒரு கன அடி இடத்தில் நீர் நிறைந்தால் 28 கிலோ. இந்தப் படகைத் தள்ள முன்பு நான்கு பேர் போதும், இப்போது ஏழு பேர் வேண்டியிருக்கிறது என்றார் உரிமையாளர். உள்ளே பார்க்கவும் வழி இல்லை, வடிக்கவும் வழி இல்லை. தளத்தை அறுத்துத்தான் திறக்க வேண்டும். மிதப்பதற்காக வைத்ததே படகைத் தாழ்த்துகிறது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதும் கடலில் போகிறவருக்குத் தெரியாது.

மர வள்ளத்தில் ஏறும் சிறுவனுக்குக்கூட அடித்தண்ணீர் கண்ணில் படும். ஃபைபரில் அதை மூடிவிட்டோம். அடித்தளத்தைப் பார்க்க முடியாத படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதே என் முடிவு. படகு கட்டுகிறவர்களும், அவற்றுக்கு மானியம் தருகிறவர்களும், பதிவு செய்கிற அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். மூடிய ஒவ்வோர் அறைக்கும் கை நுழையும் அளவு ஒரு திருகுமூடியும், பின்பக்கத்தின் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகாலும் கட்டாயமாக வையுங்கள். படகின் விலையில் அது மிகச் சிறிய செலவு.